பூட்டியிருக்கிறது என்று எழுதும் முன்

பெங்களூரில் நான் தட்டித் திறக்காத கதவு ஒன்றுகூடக் கிடையாது.

பொய். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டியதில் பாதி திறக்கவே இல்லை. திறந்ததிலும் பாதி, என் மூஞ்சியைப் பார்த்ததும் மறுபடி சாத்திக்கொண்டது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரிய வீட்டில் நாய் மட்டும்தான் என்னை வரவேற்றது. அந்த வரவேற்பின் அடையாளம் இன்னும் என் கெண்டைக்காலில் இருக்கிறது.

"வீடு வீடா கணக்கெடுக்கப் புதுசா சேர்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க தாஸண்ணா" என்று உங்கள் மேடம் கேட்டார். நேரில் வர முடியவில்லை. கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். குனியக் கூடாது, தூசியில் போகக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. எனக்குப் பிடித்த மூன்றுக்கும் தடை. மகள் வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள். "உங்களை விட்டா தெருவுல போறவனையெல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுவீங்கப்பா" என்கிறாள். பக்கத்து வீட்டில் இன்னொரு சாவி இருக்கிறது, பயப்படாதீர்கள். போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். அவள் சாயங்காலம் கேட்டு, என் கொச்சையைத் திருத்தி எழுதித் தருவாள். இதில் நல்ல தமிழ் ஏதாவது தென்பட்டால் அது அவளுடையது. மற்ற குப்பை என்னுடையது.

நான் அஞ்சாங்கிளாஸ். பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்று இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் தோல் வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் வாயடிப்பான் என்று யாரோ போட்டுக்கொடுக்க, ஆராய்ச்சிக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஆராய்ச்சி என்றதும் எலி வளர்ப்பார்கள் என்று நினைத்தேன். முதல் நாள் உங்கள் மேடத்திடமே, "எலி எங்க மேடம் இருக்கு?" என்று கேட்டும்விட்டேன். அப்போது அவர் சின்ன டாக்டர். நாங்கள் டாக்டரம்மா என்போம்.

"எலி இல்ல தாஸண்ணா, மனுசங்கதான்" என்றார். "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களை மட்டும் பார்த்துட்டு ஊரே சொறிஞ்சுக்கிட்டு இருக்குன்னு நான் எழுதிடக் கூடாது. வராதவங்க வீட்டுக்கும் போகணும். அதுவும் நமக்குப் புடிச்ச வீட்டுக்கு இல்ல. சீட்டுல எந்த வீடு விழுதோ அந்த வீட்டுக்கு."

என் வேலை கதவு தட்டுவது. கதவு திறந்ததும் வீட்டுக்காரர்களைச் சிரிக்க வைப்பது. அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது லில்லி அக்கா கேள்வி கேட்பார், டாக்டரம்மா தோலைப் பார்ப்பார். லில்லி அக்கா எங்கள் குழுவுக்கு மேஸ்திரி மாதிரி. விவேக் நகர்க்காரர். வியாழக்கிழமை கோயிலுக்குப் போய் எல்லாருக்காகவும் ஜெபம் பண்ணுவார், மற்ற நாளெல்லாம் எல்லாரையும் திட்டுவார்.

முதல் வாரமே நான் திட்டு வாங்கினேன். சீட்டில் விழுந்த வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று சிரித்தார், காபி குடிக்கிறீங்களா என்றார். நான் லில்லி அக்காவை அங்கே இழுத்துக்கொண்டு போய், "இவங்களையே எழுதிக்கலாமேக்கா, வீடுதானே, அதுவும் வீடு இதுவும் வீடு" என்றேன்.

"ஏன்டா, காபி குடுக்கிற வீடா பார்த்து எழுதினா, காபி குடிக்கிறவனுக்குத்தான் சொறி வரும்னு பெரிய டாக்டர் புஸ்தகம் போடட்டுமா?"

காபி மட்டும் குடித்துவிட்டு வந்தோம். அக்காவும் குடித்தார்.

பூட்டிய வீட்டுக்கு ஒரு விதி இருந்தது. உங்களுக்கும் இருக்கும். உடனே விட்டுவிடக் கூடாது, வேறு வேறு நேரத்தில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அப்புறமும் பூட்டியிருந்தால்தான், கணக்கு ஏற்றுகிற போனில் 'பூட்டு' என்று இருக்கிற பொத்தானை அழுத்தலாம். வேறு வேறு நேரம் என்பதை எங்கள் குழு எப்படிப் புரிந்துகொண்டது தெரியுமா? ஒரு நாள் டீக்கு முன்னால், இன்னொரு நாள் டீக்குப் பின்னால். ஆஸ்பத்திரி வண்டி காலையில் கிளம்பும், சாயங்காலம் திரும்பிவிடும். அதற்குள் உலகத்தில் எத்தனை நேரம் உண்டோ அத்தனையும் அடங்கிவிட்டது என்று எல்லாரும் நம்பினோம்.

ஓசூர் ரோட்டில் இருக்கிற ஹெப்பகோடியில் எங்களுக்கு விழுந்த வீடுகளில் ஏகப்பட்ட பூட்டு. கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள் தங்குகிற அறைகள். ஒரு மாடியில் வரிசையாகக் கதவு, கதவு தோறும் பூட்டு. நான் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டே போவேன். வேலை வேகமாக முடிந்தது. அந்த வேகத்துக்கு எங்களுக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அன்றைக்குத்தான் ஏழுமலையைப் பிடித்தோம். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். உலோகத்துக்கு முலாம் பூசுகிற கம்பெனியில் வேலை. மாடி வராண்டாவில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை பெல்ட் போட்டமாதிரி இருந்தது. படர்தாமரைக்கு இரண்டு மாத்திரைகளில் எது நன்றாகக் கேட்கிறது என்றும் எங்கள் ஆராய்ச்சியில் பார்த்தோம். இரண்டுமே மருந்துக்கடையில் இருக்கிறவைதான். யாருக்கு எது போகிறது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும், ஆறாததும் ஆறினமாதிரி கண்ணுக்குத் தெரியும் என்பார்கள். ஏழுமலைக்கு எல்லாம் சொல்லி, சம்மதம் வாங்கி, மாத்திரை கொடுத்தார் டாக்டரம்மா. காய்ச்சல், வாய்ப்புண் ஏதாவது வந்தால் உடனே கூப்பிடு என்று போன் நம்பரும் கொடுத்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஆறிடுமா டாக்டர்?" என்று கேட்டான்.

"பொண்ணு பார்த்தாச்சாடா?" என்றேன் நான்.

"இன்னும் இல்லண்ணா. முதல்ல இது போகட்டும்."

அடுத்த வாரம் பார்க்கப் போனால் பூட்டு. அதற்கு அப்புறமும் பூட்டு. வராத ஆள் எங்கள் வேலையில் புதிதில்லை. யாரும் கவலைப்படவில்லை.

ஒரு காலை வண்டியில் ஏறப் போகிற நேரம், டாக்டரம்மா மாடியிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"ஏழுமலை போன் பண்ணினாரு. வாயெல்லாம் வெந்துபோச்சு மேடம், கண்ணு எரியுதுன்னாரு. பாதியில கட்டாயிடுச்சு. இப்ப ஸ்விட்ச் ஆஃப்."

"வாய்ப்புண்ணுதானே மேடம், சூடா இருக்கும்" என்றேன்.

"சூடு இல்ல தாஸண்ணா." குரல் ஒரு மாதிரி இருந்தது. "ரொம்ப அபூர்வமா ஒருத்தருக்கு இந்த மாதிரி மாத்திரை ஒத்துக்காம போகும். தீக்காயம் மாதிரி தோல் உரியும். கண்ணு போகலாம், உயிரே போகலாம். அதுவான்னு தெரியல. அதுவா இருந்தா இனி ஒரு மாத்திரைகூட உள்ள போகக் கூடாது. நான் இங்க பெட் ஏற்பாடு பண்ணி, அவருக்கு எந்த மாத்திரை போச்சுன்னு சீல் வெச்ச உறையைப் பிரிச்சுப் பார்க்கறேன். நீங்களும் அக்காவும் போய் ஆளைக் கூட்டிட்டு வாங்க."

ஓசூர் ரோட்டில் அன்றைக்கு வண்டி நகரவே இல்லை. பயம் வந்தால் எனக்கு வாய் ஓயாது. ஏதோ ஒரு ஜோக்கை ஆரம்பித்தேன். "வாயை மூடுடா" என்றார் லில்லி அக்கா. கையில் ஜெபமாலை. விரல் ஒரே மணியில் நின்றுகொண்டிருந்தது, நகரவில்லை.

மாடி ஏறினோம். ஏழுமலை அறையில் பூட்டு. தட்டினேன். கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை. மறுகோடி அறையிலிருந்து ஒருவர் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "ஊருக்குப் போயிருப்பான்பா. ஒடம்பு முடியலன்னான்" என்றார்.

கம்பெனி கேட்டுக்குப் போனோம். வாட்ச்மேன் உள்ளே கேட்டுவிட்டு வந்து, "ஆளு வேலைக்கு வரலியாம். ஊருக்குப் போயிட்டான் போல" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. ஊருக்குப் போய்விட்டான் என்றால் அங்கே அவன் அம்மா இருக்கிறாள், ஊர் டாக்டர் இருக்கிறார், யாரோ பார்த்துக்கொள்வார்கள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, "ஊருக்குப் போயிட்டான் போல மேடம்" என்றேன்.

"போலன்னா?"

"ரெண்டு பேர் சொல்றாங்க மேடம்."

"ரெண்டு பேர்ல யாராவது அவர் பஸ் ஏறினதைப் பார்த்தாங்களா?"

"பார்க்கல மேடம்."

"அப்போ நமக்குத் தெரியாது. தெரியலன்னு சொல்லுங்க தாஸண்ணா, போயிட்டாருன்னு சொல்லாதீங்க. திரும்பப் போங்க. அவரைக் கண்ணால பார்த்த ஒருத்தர் கிடைக்கிற வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க."

போனை வைத்துவிட்டார். எனக்குக் கோபம். படித்தவர்கள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவார்கள், வெயிலில் திரிகிறவன் நான் என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மாடி ஏறினேன். பூட்டைப் பிடித்து ஆட்டினேன். பூட்டு என்ன செய்யும், ஆடியது.

சத்தம் கேட்டுக் கீழேயிருந்து ஓனர் ஆன்ட்டி வந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். இடுப்பில் சொருகிய புடவை, கையில் துடைப்பம்.

"யாரு பேக்கு? யாரு வேணும்? எதுக்கு என் பூட்டை ஆட்டறே?"

"ஏழுமலையைப் பார்க்கணும் ஆன்ட்டி. ஊருக்குப் போயிட்டானாமே?"

"யார் சொன்னது? ஊருக்குப் போறதுன்னா என்கிட்ட சொல்லாம போக மாட்டான். உள்ள தூங்குவான்."

"உள்ளயா? வெளிய பூட்டியிருக்கே!"

ஆன்ட்டி என்னைப் பார்த்த பார்வையில் என் அஞ்சாங்கிளாசும் பறிபோனது.

"பூட்டினா ஆள் இல்லைன்னு அர்த்தமா? ராத்திரி ஷிஃப்ட் போனவன் பகல்ல தூங்க வேண்டாமா? பகல் ஷிஃப்ட் போறவன் வெளிய பூட்டிட்டு சாவியை எடுத்துக்கிட்டுப் போவான். இங்க எல்லா ரூமும் அப்படித்தான். சோப்பு விக்கிறவன், சீட்டு கட்டச் சொல்றவன், உன்னை மாதிரி லெக்கா எடுக்கறவன், நாள் பூரா வந்து கதவைத் தட்டி எழுப்பறீங்களே, பின்ன என்ன பண்ணுவாங்க?"

லெக்கா என்றால் கன்னடத்தில் கணக்கு. அந்தப் பூட்டு திருடனுக்காகப் போட்டது இல்லை. எனக்காகப் போட்டது.

லில்லி அக்கா அதற்குள் கதவில் காதை வைத்துவிட்டார். "ஏழுமலை! தம்பி! நாங்கதாம்பா, ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்கோம்!"

அப்புறம் உள்ளே தரையில் டம்ளரைத் தட்டுகிற சத்தம். டக். டக். பேச்சு இல்லை, அது மட்டும்தான்.

சாவி அவனுடைய அறை நண்பன் சம்பத்திடம். சம்பத் வேறு கம்பெனியில் பகல் ஷிஃப்ட். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இடைவேளை வரைக்கும் அவனைப் பிடிக்க முடியாது.

"உடைச்சிடலாம்" என்றேன்.

"உடைச்சா நாளைக்கு அவன் சாமான் காணோம்னு வந்து நிப்பான். யாரு ஜவாப்தாரி?" என்றார் ஆன்ட்டி.

நான் யார் உடைக்க? டாக்டரா, போலீசா? கதவு தட்டச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம், உடைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. உள்ளே மறுபடி டக் என்று கேட்டது. முன்னைவிட மெதுவாக.

"நான் பொறுப்பு" என்றார் லில்லி அக்கா. "என் பேரு லில்லி. விவேக் நகர்ல யாரை வேணாலும் கேளுங்க, வீடு காட்டுவாங்க. சுத்தியல் இருந்தா குடுங்க."

ஆன்ட்டி ஒரு விநாடி அவர் முகத்தைப் பார்த்தார். கீழே போய்ச் சுத்தியலோடு வந்தார். முதல் அடியை என் கட்டைவிரலில் போட்டேன். இரண்டாவதையும் ஏறக்குறைய அங்கேயேதான் போட்டேன். ஆன்ட்டி என் கையிலிருந்து பிடுங்கி ஒரே போடாகப் போட, கொண்டியோடு பூட்டு கீழே விழுந்தது. இவ்வளவு பெரிய கட்டத்தில் என் வீரம் அவ்வளவுதான்.

ஏழுமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. கண் இமை ஒட்டிக்கொண்டிருந்தது. மார்பில் தோல் கொப்புளம் கொப்புளமாக. பக்கத்தில் எங்கள் மாத்திரை அட்டை. நான் அதை எடுத்துக் காட்டி, "இன்னைக்குப் போட்டியாடா?" என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினான். பேச முடியவில்லை. அப்புறம் தெரிந்தது: சம்பத் காலையில் தண்ணீர் கொடுத்து, மாத்திரையையும் போடவைத்துவிட்டுத்தான் பூட்டிக்கொண்டு போயிருக்கிறான். நல்ல பையன். நண்பன் குணமாகட்டும் என்று செய்தது.

ஆன்ட்டி தேங்காயெண்ணெய் எடுக்க ஓடினார். லில்லி அக்கா தடுத்தார். போனில் டாக்டரம்மா, "ஒண்ணும் தடவாதீங்க. சுத்தமான துணியைப் போர்த்திக் கூட்டிட்டு வாங்க. அட்டையை எடுத்துட்டு வாங்க" என்றார். ஆன்ட்டி தன் பீரோவிலிருந்து மடிப்புக் கலையாத போர்வை ஒன்றைக் கொடுத்தார்.

வண்டியில் அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். வழியெல்லாம் விடவில்லை. வண்டி நிற்கும்போதெல்லாம் அவன் மூச்சு விடுகிறானா என்று குனிந்து பார்த்தேன்.

அப்புறம் பல நாள் எங்களில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டரம்மா அவன் கட்டில் பக்கத்திலேயே இருந்தார். ஒரு நாள் காலை கண் திறந்தான், மறுநாள் கஞ்சி இறங்கியது. பிழைத்தான். கண்ணும் பிழைத்தது. இன்னும் ஒரு வேளை மாத்திரை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியல தாஸண்ணா" என்றார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத மனுஷி. ரொம்பக் கஷ்டம் அவரோடு.

வாய் ஆறியதும் ஏழுமலை என்னிடம் முதலில் சொன்னது இதுதான்:

"அண்ணா, அதுக்கு முன்னாடி வாரம் நீங்க வந்து தட்டினதும் எனக்குக் கேட்டுச்சு. சோப்பு விக்கிற ஆளுன்னு நெனச்சு மூச்சுக் காட்டாம படுத்திருந்தேன்."

நான் சிரித்தேன். அவனும் சிரிக்கப் பார்த்தான், உதடு வலித்தது. பக்கத்தில் நின்ற டாக்டரம்மா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"தாஸண்ணா" என்றார், "ஹெப்பகோடியில நாம 'பூட்டு'ன்னு போட்ட ரூமெல்லாம்..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. ராத்திரி முழுக்கச் சூட்டிலும் ஈரத்திலும் ரசாயனத்திலும் நிற்கிறவன் எல்லாம் அந்தப் பூட்டுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். யார் தோலைப் பார்க்கப் போனோமோ அவனை மட்டும் விட்டுவிட்டு, மிச்சம் இருந்தவர்களை எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். ஹெப்பகோடியில் தோல் நோய் குறைவு என்று எங்கள் கணக்கில் வந்திருந்தது. எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவரான பெரிய டாக்டர் அதை ஒரு கூட்டத்தில் படிப்பதற்கு எல்லாம் தயார்.

அவரிடம் போய் யார் சொல்வது? டாக்டரம்மா புதிதாகச் சேர்ந்தவர். மொத்தத்தையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று சொன்னால் வேலையே போகலாம். ஆனாலும் போனார். சாட்சிக்கு லில்லி அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த அறையில் ஏசி. எனக்கு மட்டும் வியர்த்தது. டாக்டரம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஒன்றையும் விடவில்லை. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"தாஸ், பொத்தானை அழுத்தினது நீ. நீ சொல்லு" என்றார். "அத்தனை பூட்டுல, உள்ள ஆள் இல்லைன்னு நீ நிச்சயமா சொல்லக்கூடியது எத்தனை?"

நான் வாயைத் திறந்து...

இருங்கள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

"யாராத்ரூ இத்தீரா?" என்கிறது ஒரு பெண் குரல். யாராவது இருக்கிறீர்களா என்கிறாள். சின்ன வயசுக் குரல். உங்களில் ஒருத்தியாகத்தான் இருக்கும், கழுத்தில் அட்டைகூடத் தொங்கும். கூட இன்னொருத்தி. "பீக ஹாக்கிதெ" என்கிறாள் அவள். பூட்டியிருக்கிறதாம். அடுத்த வீட்டுக்குப் போகலாமாம். படி இறங்குகிற சத்தம் கேட்கிறது.

ஏம்மா! ஏய் பொண்ணு! அழுத்தாதே, அந்தப் பொத்தானை அழுத்தாதே! உள்ளதாம்மா இருக்கேன்!